என்விடிஏ ஸ்கிரீன் ரீடர்: பார்வை இல்லாத ஒரு பிள்ளையோட ஒரு வருசம் பாவிச்சுப் பாத்தது

நான் வலிகாமம் பக்கம் ஒரு சாதாரண பள்ளிக்கூடத்தில வரலாறு படிப்பிக்கிறன். போன வருசம் தரம் 10க்கு கண் பார்வை அறவே இல்லாத ஒரு பெடியன் வந்து சேர்ந்தான். அதுக்கு முதல் எனக்கு இப்பிடி ஒரு பிள்ளைக்குப் படிப்பிச்ச அனுபவமே இல்ல, முதல் கிழமை முழுக்க நான் கரும்பலகையில எழுதுறன், அவன் முன் வாங்கில கையக் கட்டிக்கொண்டு இருக்கிறான், எனக்கு வீட்ட போய் சாப்பாடே இறங்கேல்ல. பேந்து எங்களுக்குக் கைகுடுத்தது என்விடிஏ (NVDA) எண்ட ஸ்கிரீன் ரீடர், அதாவது கொம்பியூட்டர் ஸ்கிரீனில இருக்கிற எழுத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டுற சொப்ட்வெயார். ஆராவது இதே நிலையில இருந்தால் உதவும் எண்டுதான் எழுதுறன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பிரெயில் அவனுக்குத் தெரியும், சின்னனிலயே படிச்சவன். யாழ்ப்பாணத்தில கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் எண்டு இந்தப் பிள்ளையளோட கனகாலமா வேலை செய்யிற இடங்கள் இருக்கு, பிரெயில் தொடங்கவேண்டிய சின்னப் பிள்ளையள் இருந்தால் முதல்ல அங்க விசாரியுங்கோ, சொப்ட்வெயார் எல்லாம் பிறகு. பிரெயில் இல்லாமல் காதால மட்டும் படிச்ச பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் வராது, றன்னகரம் எது டண்ணகரம் எது எண்டு கேட்டு மட்டும் எப்பிடித் தெரியும்? ஆனால் பிரெயிலில இன்னொரு பாடு இருக்கு. ஒரு பக்க நோட்ஸ் பிரெயிலில இரண்டு மூண்டு பக்கமாப் போகும், தடிச்ச பேப்பர் வேணும், தகட்டில ஊசியால வலப்பக்கம் இருந்து இடப்பக்கமா ஒவ்வொரு புள்ளியாக் குத்தோணும். தரம் 10 வரலாற்றுப் புத்தகம் முழுக்க ஆர் குத்திக் குடுக்கிறது? அதாலதான் கொம்பியூட்டர் பக்கம் போனம்.

டவுனில ஒரு கடையில ஸ்கிரீன் ரீடர் போட்டுத் தரலாம் எண்டு பெரிய காசொண்டு கேட்டவை. அந்தக் காசைக் கேட்டிட்டு அவன்ர அம்மா ஒண்டும் கதைக்கேல்ல. பேந்து எங்கட ஐசிடி சேர்தான் சொன்னவர், ரீச்சர் என்விடிஏ எண்டு ஒண்டு இருக்கு, சும்மா டவுன்லோட் பண்ணலாம், ஒரு சதமும் குடுக்கத் தேவையில்ல எண்டு. அது மைக்கேல் கரன் எண்ட அவுஸ்திரேலியர், அவருக்கும் கண் பார்வை இல்ல, 2006இல தொடங்கின வேலை, விலை குடுத்து வாங்க ஏலாத ஆக்களுக்கும் கிடைக்கோணும் எண்டு இண்டைக்கும் இலவசமாத்தான் குடுக்கினம். உள்ளுக்குள்ள மெனு எல்லாம் தமிழிலயும் இருக்கு.

எனக்கு இதில ஆகலும் பிடிச்ச விசயம் போர்ட்டபிள் கொப்பி. பென் ட்ரைவில போட்டுக்கொண்டு போய் வேற விண்டோஸ் கொம்பியூட்டரிலயும் செருகி ஓட்டலாம், இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்ல. எங்கட கொம்பியூட்டர் லாப்பில புதுசா ஒண்டும் போட விடாயினம், அதால இது பெரிய உதவி. அவன் இப்ப கழுத்தில திறப்பு மாதிரி பென் ட்ரைவைக் கொழுவிக்கொண்டு திரியிறான், லாப், நூலகம், சித்தப்பா வீடு எண்டு எங்க போனாலும் கொம்பியூட்டர் அவனோட கதைக்கும்.

பாவிக்கிறது பழக ஒரு மாசம் எடுத்தது. மவுஸ் தேவையே இல்ல, எல்லாம் கீபோர்ட்தான். இன்சேர்ட் கீயோட கீழ் அம்புக்குறியை அமத்தினால் தொடர்ந்து வாசிக்கும், கொன்ட்ரோலைத் தட்டினால் நிப்பாட்டும், வெப் பக்கத்தில எச் தட்டினால் தலைப்புத் தலைப்பாப் பாயும். இது தெரிஞ்ச பிறகு நான் நோட்ஸ் ரைப் பண்ணேக்க தலைப்பை வெறுமன போல்ட் பண்ணாமல் வேர்டில ஹெடிங் எண்டு குடுக்கிறன், அப்பதான் இது தலைப்பு எண்டு அவனுக்கு அது சொல்லும்.

குரலைப் பற்றிச் சொல்லோணும். அதோட வாற ஈஸ்பீக் தமிழ் குரல் மெஷின் கதைக்கிற மாதிரித்தான் இருக்கும், முதல் நாள் எனக்கு அரைவாசி விளங்கேல்ல, ஆனால் பிள்ளைக்குக் காது பழகீட்டுது, இப்ப அவன் வைக்கிற வேகத்தில எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. மனுசக் குரல் மாதிரி வேணுமெண்டால் விண்டோஸிலயே ஒண்டு இருக்கு, அந்தக் குரலுக்குப் பேர் வள்ளுவர்! செட்டிங்ஸில ரைம் அன்ட் லாங்குவேஜ், அதுக்குள்ள ஸ்பீச், அங்க அட் வொயிசஸ் எண்டதில தமிழ் இந்தியாவைத் தெரிவு செய்தால் இறங்கும், பேந்து என்விடிஏயில கொன்ட்ரோல், இன்சேர்ட், எஸ் மூண்டையும் அமத்தி விண்டோஸ் வன்கோர் எண்டதுக்கு மாத்தோணும். கதை, கட்டுரை கேக்கேக்க அவன் வள்ளுவரைப் போடுவான், படிக்கேக்க ஈஸ்பீக் தான், கெதியா வாசிக்கும் எண்டு.

இனித்தான் முக்கியமான விசயம். சொப்ட்வெயார் வந்திட்டுது, குரல் வந்திட்டுது, நான் சந்தோசமா என்ர 11 வருச நோட்ஸை பென் ட்ரைவில போட்டுக் குடுத்தன். அடுத்த நாள் காலமை வந்து, "ரீச்சர், நீங்கள் தந்ததில தமிழே இல்ல" எண்டான். எனக்கு விளங்கேல்ல, என்ர ஸ்கிரீனில வடிவாத் தமிழ்தானே தெரியுது. போட்டுக் கேட்டால் உண்மைதான், ஏதோ புறுபுறுக்குது. யாழ்ப்பாணம் எண்ட சொல்லில வச்சு எழுத்தெழுத்தா வாசிக்க விட்டால் ஏ, எச், ஓ, செமிகோலன், ஜி, செமிகோலன், ஜி, எச், ஸெட், கே, செமிகோலன் எண்டு வாசிக்குது. ஏனெண்டால் நான் ரைப் பண்ணினது பாமினி எண்ட பழைய தமிழ் பொன்டில. பாமினி கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளுக்குள்ள இங்கிலீஸ் எழுத்து, அதுக்கு மேல தமிழ் உருவத்தைப் போத்தி வச்சிருக்கு. கண் தெரிஞ்ச எங்களுக்கு அது 20 வருசமாத் தெரியவே இல்ல. பாஸ் பேப்பர், ரியூசன் நோட்ஸ், மொடல் பேப்பர் எண்டு இஞ்ச கையில கிடைக்கிறதில கனக்க இப்பிடித்தான், இல்லாட்டி ஸ்கேன் பண்ணின படம். படத்தில இருக்கிற தமிழையும் அது வாசிக்காது.

எனக்கு அண்டைக்கு வந்த கவலை சொல்லி முடியாது. அவனுக்கு வளம் இல்ல வளம் இல்ல எண்டு நாங்கள் தேடித் திரிஞ்சது, வளம் எங்கட கொம்பியூட்டரிலயே கிடந்தது, நாங்கள் பூட்டி வச்சிருந்தம்.

மாத்துறது கஷ்டம் இல்ல. பாமினியை யூனிகோடா, அதாவது கொம்பியூட்டருக்கும் தமிழ் எழுத்தாவே தெரியிற முறைக்கு, மாத்துற கன்வேட்டர் நெட்டில நிறைய இருக்கு, ஒட்டிப்போட்டு அமத்தினால் சரி. ஒண்டு மட்டும் கவனம், இடையில இங்கிலீஸ் சொல் இருந்தால் அதையும் பிடிச்சு அர்த்தமில்லாத தமிழா மாத்திப்போடும், அதால ஒருக்கா வாசிச்சுத் திருத்தோணும். ஸ்கேன் படங்களை கூகுள் ட்ரைவில ஏத்தி கூகுள் டொக்ஸில திறந்தால் எழுத்தா வரும், தெளிவான அச்செண்டால் நல்லா வரும், பழைய போட்டோ கொப்பி எண்டால் கனக்கத் திருத்தவேண்டி வரும். இனிமேல் ரைப் பண்ணுறதுக்கு, பாமினிக் கீபோர்டில கை பழகின ஆக்கள் பயப்பிடத் தேவையில்ல, இ-கலப்பை எண்ட தமிழ் ரைப் பண்ணுற சொப்ட்வெயாரில பாமினி முறையைத் தெரிவு செய்தால் விரல் அதே இடத்தில போகும், விழுற எழுத்து யூனிகோடா இருக்கும். எங்கட ஸ்ராப் ரூமில இப்ப 4 பேர் மாறீட்டினம், தமிழ் சேர் தான் கடைசியா மாறினவர், மாறினாப் பிறகு இலக்கண நோட்ஸ் முழுக்க அவரே மாத்திக் குடுத்திட்டார்.

என்விடிஏயால ஏலாதது வரைபடம். அதுக்கு நாங்கள் கையாலதான் செய்தம், கரையோரத்துக்கு நூலை கம்மில ஒட்டி, ஆறுகளுக்கு ஈர்க்கு, நகரங்களுக்குப் பயறு. விரலால தடவி மகாவலி எங்க போய் விழுது எண்டு திருகோணமலையில கொண்டுபோய் நிப்பாட்டுவான். கணக்குப் பாடத்துக்கு இன்னும் சரியான வழி கிடைக்கேல்ல, பின்னமும் வர்க்கமூலமும் படமா இருந்தால் அது சும்மா தாண்டிப் போகுது.

காது கேளாத பிள்ளையளுக்கு இது உதவாது எண்டு சொல்லத் தேவையில்ல. பக்கத்து வகுப்பில காது குறைஞ்ச பிள்ளை ஒண்டு இருக்கு, அவவுக்கு பேச்சை எழுத்தாக்கிற போன் ஆப் ஒண்டு போட்டுப் பாத்தம், மேசையில பக்கத்தில போனை வச்சு நான் ஆறுதலாக் கதைச்சால் பரவாயில்ல, வகுப்பு இரைஞ்சால் குழம்பீடும். அவவுக்கு முகத்தைப் பாத்துக் கதைக்கிறதும் போர்டில எழுதுறதும்தான் இப்பவும் கூட உதவி, நான் போர்டுக்குத் திரும்பி நிண்டுகொண்டு கதைக்கிற பழக்கத்தை அவவுக்காக விட்டிட்டன்.

போன மாசம் பெடியன் வந்து, "ரீச்சர், ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சது 1658 தானே, உங்கட நோட்ஸில 1568 எண்டு வாசிக்குது" எண்டான். போய்ப் பாத்தன், பிழைதான், திருத்தினன். தரம் 11 நோட்ஸில இன்னும் 6 பாடம் பாமினியில கிடக்கு, இந்த லீவுக்குள்ள மாத்தி முடிக்கோணும்.