ப்ளெண்டரில் ஒளியமைப்பு: வாட்டை விட விளக்கின் பரப்பே முக்கியம்

ப்ளெண்டர் என்ற இலவச முப்பரிமாண (3D) மென்பொருளின் 2.80 பதிப்பு 2019-இல் வெளியானதிலிருந்து, வீட்டு உள் அலங்காரக் காட்சிகளையும் சிறு பொருட்களின் விளம்பரப் படங்களையும் அதில்தான் செய்துவருகிறேன். மாடலிங்கைப் (உருவங்களை வடிப்பதைப்) பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இங்கே விளக்குகளைப் பற்றி மட்டும்.

மென்பொருளைத் திறந்ததும் ஒரு கனசதுரமும் கேமராவும் 1000 வாட் பாயின்ட் லைட்டும் (ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒளி விடும் விளக்கு) வந்து நிற்கும். அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். கடையில் வாங்கும் பல்பின் அட்டையில் போட்டிருப்பது அது இழுக்கும் மின்சாரம். ப்ளெண்டர் கேட்பதோ விளக்கு வெளியே விடும் ஒளியாற்றல். வெயிலைக் காட்டப் பயன்படும் சன் விளக்குக்கு அந்தக் கணக்கும் இல்லை, சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று மாறிவிடும். எண்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, கண்ணை நம்பி ஏற்றி இறக்குவதே வழி.

நான் முதலில் முடிவு செய்வது விளக்கின் பரப்பை. நிழலின் ஓரம் கூர்மையாக விழுவதும் கரைந்து மறைவதும் அதைப் பொறுத்ததுதான். பொருளிலிருந்து பார்க்க விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, நிழல் அவ்வளவு மென்மையாகும். சன் விளக்கின் கோணம் இயல்பாகவே 0.526 பாகை, ஏறக்குறைய நம் வானத்துச் சூரியனின் அளவு. உச்சி வெயில் காட்சிக்கு அதைத் தொடுவதில்லை. மூட்டமான நாளுக்குத் தாராளமாக ஏற்றுவேன்.

தூரமும் இதோடு சேர்ந்தே வேலை செய்கிறது. தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகும். ஒரு குப்பியைப் படமெடுக்கும்போது ஏரியா லைட்டை (பலகைபோல் பரந்த விளக்கை) சட்டகத்தின் விளிம்பு வரை நெருக்கினால் நிழல் மென்மையாகும், பின்னணி தானாக இருட்டிவிடும். பின்னணியும் சம வெளிச்சமாக வேண்டுமென்றால் விளக்கைத் தள்ளி வைத்து, பரப்பையும் ஆற்றலையும் கூட்ட வேண்டும். இந்த ஒரு பேரத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதன்மை விளக்கு, நிரப்பு விளக்கு, பின்விளக்கு என்ற மூன்று விளக்குப் பாடத்தை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். முகத்துக்கும் பொருளுக்கும் அருமையான முறைதான். அறைக்குள் கொண்டுவந்தால் எனக்குப் பிடிப்பதில்லை: எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத வெளிச்சம் படத்தைக் கடை ஷோகேஸ் ஆக்கிவிடுகிறது. அறையென்றால் ஜன்னலும் மேசை விளக்கும் போதும். பாலி ஹேவன் (Poly Haven) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஹெச்டிஆர்ஐ (சுற்றுப்புற ஒளியை அப்படியே பதிந்த 360 பாகைப் படம்) வானம் ஒன்றை எடுத்துச் சுழற்றிப் பார்த்து, ஜன்னலில் ஏரியா லைட்டை போர்ட்டலாக வைக்கிறேன். போர்ட்டல் தானாக ஒளி தராது. வான ஒளி எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை, இறுதிப் படத்தைக் கணக்கிடும் ப்ளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸுக்குக் காட்டும், அவ்வளவுதான். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் கணிசமாகக் குறையும். கேமராவில் தெரியாத ஜன்னலென்றால் கண்ணாடியையே கழற்றிவிடுவேன்.

2.81-இல் சேர்ந்த, இந்த இரைச்சலைத் துடைக்கும் இன்டெல் டீநாய்சர் பெரிய வரம். ஆனாலும் சாம்பிள்களை (படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எடுக்கும் ஒளி மாதிரிகளை) மிகவும் குறைத்துவிட்டு அதன் தலையில் பாரத்தைப் போட்டால் துணி நெசவும் மரத்தின் ரேகையும் வழித்துத் துடைத்ததுபோல் ஆகிவிடும். எனக்கு அதைவிடப் பிடித்தது 3.2-இல் வந்த லைட் குரூப், அதாவது விளக்குகளின் ஒளியைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வசதி. "மேசை விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று வாடிக்கையாளர் சொன்னால், மறுபடி ரெண்டர் போடாமல் கம்பாசிட்டரிலேயே (முடிந்த படத்தைத் திருத்தும் பகுதியிலேயே) குறைத்துவிடலாம். பணிநேரத்தை இதைப்போல மிச்சப்படுத்திய வசதி வேறில்லை.

4.0 முதல் இயல்பாக வரும் ஏஜிஎக்ஸ் (AgX) நிறமாற்றத்தில், அதாவது கணக்கிட்ட ஒளியைத் திரை நிறங்களாக மாற்றும் முறையில், பிரகாசமான நிறங்கள் மெல்ல வெண்மைக்கு நகர்கின்றன. விளக்கொளி நிஜப் புகைப்படம்போல அடங்கி நிற்கிறது. ஆனால் பெயின்ட் அட்டையின் நிறம் அச்சாக வர வேண்டிய வேலைக்கு இது உதவாது, ஸ்டாண்டர்டு என்ற நிறமாற்றத்துக்கு மாறிவிடுங்கள்.

ப்ளெண்டரின் இன்னொரு, வேகமான ரெண்டர் இயந்திரமான ஈவீயை 4.2-இல் திருத்தி எழுதியிருக்கிறார்கள், முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. என்றாலும் திரையில் தெரியாத பரப்புகளிலிருந்து எதிரொளி சரியாக வருவதில்லை. விளக்கை எங்கே நிறுத்துவது என்று பார்க்க அதைப் பயன்படுத்துகிறேன். இறுதிப் படம் சைக்கிள்ஸில்தான்.