ஐந்து ஒயர் எர்த் கிட்: காசு கொடுக்கும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்

கார் ஆக்சஸரீஸ் கடைகளில் எல்ஈடி பல்புக்கும் ஹார்னுக்கும் நடுவில் ‘எர்த் கிட்’ என்று ஒரு பாக்கெட் தொங்கும். ஆன்லைனிலும் கிடைக்கிறது. உள்ளே பெரும்பாலும் ஐந்து ஒயர், சிவப்போ நீலமோ. தங்க நிறத்தில் ஒரு சின்ன பிளாக். கொஞ்சம் பிளாஸ்டிக் டை. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் கூடுதலாக எர்த், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, இழுப்பதுதான் இதன் வேலை. ஆனால் அட்டையைப் படித்தால் மைலேஜ் கூடுமாம், பிக்கப் கூடுமாம், ஹெட்லைட் பளிச்சென்று எரியுமாம், ஆடியோ சுத்தமாக வருமாம்.

ஹெட்லைட் விஷயம் மட்டும் பாதி உண்மை. வண்டியின் பழைய எர்த் கெட்டுப்போயிருந்தால் லைட் மங்கும், செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். புது ஒயர் போட்டால் இரண்டும் சரியாகும். எர்த் நன்றாக இருக்கும் வண்டியில் ஐந்து ஒயர் என்ன, ஐம்பது ஒயர் போட்டாலும் மாற்றம் இருக்காது. மைலேஜ் கதையை நம்பவே வேண்டாம். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெரும்பாலான சென்சார்களுக்கு எர்த் பாடி வழியாகப் போவதில்லை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவிலிருந்தே தனி ஒயர் போகிறது. பேட்டரியில் தடி ஒயர் கட்டுவதால் அந்தக் கணக்கு மாறாது. ஆடியோவில் ‘ஙொய்ங்’ சத்தம் வந்தால் ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைக் குட்டையாக்கி, பெயின்ட் சுரண்டிய தரைத் தகட்டில் இறுக்குவதுதான் வழி. பானெட்டுக்குள் தேடிப் பயனில்லை.

அப்படியானால் இது யாருக்குத் தேவை? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தாலும் அது குடிக்கத்தான். வண்டி கழுவுவது போர் தண்ணீரில்தான். வாட்டர் வாஷில் பானெட்டைத் திறந்து பிரஷர் அடித்தால், காய்ந்த பிறகு போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் படிவம் நிற்கும். அதோடு கிரானைட் தூசியும் சேர்ந்தால் அந்த இடம் ஈரத்தை விடவே விடாது. செம்பு லக் (ஒயர் முனையில் போல்ட் நுழையும் வளையம்), இரும்பு போல்ட், அலுமினிய கியர்பாக்ஸ் மூன்றும் உப்பு ஈரத்தில் ஒன்றாக இருந்தால் அரிப்பு தானாக நடக்கும். இன்னொரு வகை, வெளியூரிலிருந்து வாங்கிய செகண்ட்ஹேண்ட் வண்டி. 2015-லோ 2023-லோ சென்னை வெள்ளத்தில் நின்றதாகச் சந்தேகம் இருந்தால் எர்த் பாயின்ட்டைத்தான் முதலில் பாருங்கள்.

அறிகுறிகள் தெளிவானவை. ராத்திரி டோல்கேட் வரிசையில் ஏசியோடு ஐட்லிங்கில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் லைட் சட்டென்று இறங்கும். லைட் போட்டவுடன் டெம்பரேச்சர் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். பழைய வண்டிகளில் செல்ஃப் அடித்த பின் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுடும். இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரான ஸ்ட்ராப் அறுந்துபோனதால் செல்ஃப் மோட்டாரின் கரன்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். தொப்பூர் கணவாய் ஏறும்போது லைட் மங்கினால் மட்டும் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஆர்பிஎம் ஏறியிருக்கும்போது ஆல்டர்னேட்டர் நன்றாக சார்ஜ் கொடுக்க வேண்டும். அப்போதும் மங்கினால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள்.

சோதனைக்குச் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட், 2 வோல்ட் ரேஞ்ச். கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல, நடுவில் தெரியும் ஈயக் கம்பத்தில். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம், கிட் வாங்கும் காசு மிச்சம். அடுத்து, ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப மூன்று நான்கு விநாடி செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். 0.2 வரை பரவாயில்லை. 0.5 காட்டினால் எங்கோ இணைப்பு போய்விட்டது.

எங்கே என்று கண்டுபிடிக்க சிவப்பு முனையை மட்டும் நகர்த்துங்கள்: முதலில் கிளாம்ப், பிறகு கிளாம்ப்பிலிருந்து வரும் ஒயர் பாடியில் சேரும் போல்ட், பிறகு பக்கத்திலேயே வெறும் பாடித் தகடு, கடைசியில் இன்ஜின். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு. ஓம்ஸ் ரேஞ்சில் வைத்துப் பார்த்து ‘சைபர் காட்டுது, சரியா இருக்கு’ என்று சொல்வது வீண். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் சைபருக்குப் பக்கத்தில்தான் காட்டும். அந்த இழையால் 150 ஆம்பியர் தாங்க முடியாது.

இப்படி இடம் தெரிந்துவிட்டால், பெரும்பாலான வண்டிகளில் பழைய போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி இறுக்கினாலே முடிந்துவிடும். ஸ்ட்ராப் உள்ளே களிம்பேறிப் பொடிந்திருந்தால்தான் புது ஒயர்.

கிட்டுக்கு வருவோம். அட்டையில் 8 கேஜ் என்று போட்டிருந்தால் உள்ளே 8.4 ஸ்கொயர் எம்எம் செம்பு இருக்க வேண்டும். மலிவு கிட்டுகளில் அது இருக்காது. வெளியே விரல் தடிமன், வெட்டிப் பார்த்தால் உறைதான் அதிகம். அதைவிட மோசம் செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதே தடிமனுள்ள செம்பை விட இதில் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். அதிர்வில் சீக்கிரம் ஒடியவும் செய்யும்.

அடுத்து லக். ஒயரை ஒரு கையிலும் லக்கை மறு கையிலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். ஒழுங்காக கிரிம்ப் செய்தது, அதாவது ஒயரோடு சேர்த்து நசுக்கியது, அசையாது. மலிவு கிட்டில் லேசாகச் சுழலும், சிலது கையோடு வந்துவிடும். மேலே சூட்டில் சுருக்கிப் போட்டிருக்கும் ஷ்ரிங் டியூப்பைக் கிழித்தால் லக்கின் வாய் சுத்தியலால் தட்டியது போல ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருக்கும், மறுபக்கம் இழைகள் தளர்வாகக் கிடக்கும். எர்த் இணைப்பைச் சரிசெய்ய வாங்கிய பொருளே ஒரு கெட்ட இணைப்பு. தங்க முலாம் பிளாக்கும் தேவையில்லாத இன்னொரு ஜாயின்ட், அவ்வளவே.

ஒரு கணக்கு. நல்ல 8 கேஜ் செம்பு ஒயருக்கே மீட்டருக்கு 2 மில்லிஓம் தடை. 60 செ.மீ. ஒயரில் செல்ஃப் மோட்டாரின் 150 ஆம்பியர் போனால் 0.18 வோல்ட் அங்கேயே போய்விடும். இது பழைய ஒயருக்குத் துணை நிற்கலாம், அதற்குப் பதிலாக நிற்க முடியாது. 25 ஸ்கொயர் எம்எம் ஒயரில் அதே இழப்பு 0.06-க்குப் பக்கம்.

அதனால் எங்கள் பரிந்துரை: கிட்டை விட்டுவிட்டு ஹார்டுவேர் கடையில் செம்பு வெல்டிங் கேபிள் வாங்குங்கள். பெட்ரோல் வண்டிக்கு 16 ஸ்கொயர் எம்எம், டீசலுக்கு 25. மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் இன்ஜின் ஆட்டத்துக்கு நன்றாக வளையும். ஒன்றரை மீட்டர் போதும். வெள்ளீயம் பூசிய செம்பு லக் நாலு, போல்ட்டுக்குத் தக்க ஓட்டையோடு, பெரும்பாலும் எம்8 அல்லது எம்6. ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்திருக்கும் எலக்ட்ரிகல் கடையிலோ பேட்டரிக் கடையிலோ அங்கேயே நசுக்கித் தரச் சொல்லுங்கள். உள்பக்கம் பசை உள்ள ஷ்ரிங் டியூப் போட்டால் லக் வாய் வழியாகத் தண்ணீர் ஏறாது. சால்டர் மட்டும் போட்டு விடாதீர்கள். அது முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும்.

ஐந்து ஒயர் வேண்டாம், இரண்டு போதும். ஒன்று பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸ் உறைக்கோ இன்ஜின் பிளாக்குக்கோ. இன்னொன்று இன்ஜின் தலையிலுள்ள தூக்கும் கொக்கியின் போல்ட்டிலிருந்து பாடியில் கம்பெனி கொடுத்த எர்த் பாயின்ட்டுக்கு. கிட்டின் படத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு ஒயர் காட்டுவார்கள். இப்போது பல வண்டிகளில் அது பிளாஸ்டிக், அங்கே எர்த் கொடுத்து என்ன பயன்? டாப் கவர் போல்ட்டைத் தளர்த்தினால் ஆயில் கசியும். ஃபியூயல் ரெயில் போல்ட் பக்கம் போகவே கூடாது. சஸ்பென்ஷனின் மேல் நட்டும் அப்படித்தான். ஃபெண்டர் தகடு பெயின்ட்டுக்கு மேல் போல்ட் போட்டு மாட்டியது என்பதால் எர்த்துக்கு உதவாது.

வேலை செய்யும்போது இக்னிஷனை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு நெகட்டிவைக் கழற்றுங்கள். எப்போதும் நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரி விடும் வாயுவுக்கு அது ஆகாது. 10, 12 எம்எம் ஸ்பேனர்களும் 120 நம்பர் உப்புத்தாளும் வேண்டும். லக் உட்காரும் வட்டம் பளபளவென்று வரும் வரை தேய்த்து, லக்கை நேராகத் தகட்டோடு ஒட்டி வைத்து, அதன் மேல் வாஷர், அதன் மேல் போல்ட். லக்குக்கு அடியில் வாஷர் போடுவது நிறையப் பேர் செய்கிற தவறு. எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டருக்குள், எம்8-க்கு 20 முதல் 25. அலுமினியத்தில் அதற்கு மேல் போனால் மரை போய்விடும். இறுக்கிய பிறகு மேலே வேசலின் பூசுங்கள். இன்ஜின் அசைவதற்கு ஐந்து செ.மீ. அளவு தொய்வு விட்டு, சைலன்சர் மேனிஃபோல்ட், பெல்ட், ஃபேன் மூன்றிலிருந்தும் தள்ளி டை போடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள வண்டிகளில் நெகட்டிவ் கிளாம்ப்போடு சேர்ந்து ஒரு சின்ன பெட்டியும் அதிலிருந்து மெல்லிய ஒயரும் வரும். பேட்டரியில் போகிற, வருகிற கரன்ட்டை அளக்கும் சென்சார் அது. புது ஒயரை நேராக பேட்டரி கம்பத்தில் கட்டினால் கரன்ட்டின் ஒரு பகுதி சென்சாருக்குத் தெரியாமல் போகும். சார்ஜிங் கணக்கு தப்பும், ஸ்டார்ட்-ஸ்டாப் நின்றுபோகும். சென்சாரைத் தாண்டி, பெரிய ஒயர் பாடியில் சேரும் போல்ட்டில் கட்டுங்கள். வாரன்டியில் இருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள், சர்வீஸில் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

சில கிட்டோடு ‘வோல்டேஜ் ஸ்டெபிலைசர்’ என்று நீல விளக்கு எரியும் ஒரு டப்பாவும் வரும். உள்ளே இருப்பது கபாசிட்டர். 10,000 மைக்ரோஃபாரட் என்றே வைத்துக்கொண்டாலும் 12 வோல்ட்டில் அது சேமிப்பது 0.72 ஜூல். பக்கத்தில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 15 லட்சம் ஜூல். அந்த விளக்கு ராத்திரி முழுக்க பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதுதான் மிச்சம். பல டப்பாக்களின் பாசிட்டிவ் ஒயரில் ஃபியூஸும் இருப்பதில்லை. ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, அந்த ஒயர் முனையையும் பேட்டரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.