வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்: பிரைமரில் ஏமாற்றி வாங்கியது 86,000 ரூபாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 86,000 ரூபாய். வீட்டுக்கு உள்ளே மட்டும் பெயிண்ட் அடிக்கக் கொடுத்த பணம். ஏமாற்றியது பிரைமரில், அதாவது பெயிண்ட் பிடித்து நிற்க அதற்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சில். தை பிறப்பதற்கு முன்னால் வேலை முடிந்தது, சித்திரை முடிவதற்குள் மாடிப்படி கைப்பிடியில் பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி நீளமாகக் கழன்று வருகிறது, மாடி ரூம் சுவரில் உப்பு பூத்து நிற்கிறது, கதவில் நகம் பட்டால் வெள்ளை தெரிகிறது. கேட்டால் ஒருவரும் பொறுப்பில்லை.

வேலையை எடுத்தது வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு மொபைல் செயலி. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எங்கள் வீடு சென்னை மேடவாக்கத்தில், சதுப்பு நிலத்துக்குப் பக்கம். கீழ்ச்சுவரில் எப்போதும் கொஞ்சம் ஓதம் ஏறும். ஹாலில் பழைய டிஸ்டெம்பர் (பவுடராக உதிரும் மலிவான சுவர்ப் பூச்சு), மாடியில் புதிதாகக் கட்டிப் பூசிய ரூம், படிக்கு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கைப்பிடி, ஜன்னலுக்கு இரும்பு கிரில், மரக் கதவுகள், பெட்ரூமில் ஜிப்சம் போர்டு சீலிங். எல்லாம் வேறு வேறு பரப்பு. தெருவில் தெரிந்த பெயிண்டரை விட்டுவிட்டு இவர்களைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம், ஒவ்வொன்றுக்கும் எது அடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் என்று விளம்பரமே செய்கிறார்கள்.

வந்த சூப்பர்வைசர் பையன் பேசியதை இப்போது நினைத்தாலும் பற்றி எரிகிறது. கையில் ஈரம் பார்க்கும் மீட்டர், லேசரில் அளக்கும் கருவி, டேப்லெட். ஹால் சுவரில் மீட்டரை வைத்துக் காட்டினான். "இந்த டிஸ்டெம்பரைச் சுரண்டாம மேல அடிச்சா பவுடரோட சேர்ந்து வந்துடும் மேடம்" என்றான். புது சிமென்ட் பூச்சில் காரத்தன்மை (ஆல்கலி) அதிகம், அதைத் தாங்கும் பிரைமர்தான் போட வேண்டும் என்றான். கிரில்லுக்கு ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் செந்நிற பிரைமர்), ஜிஐ பைப்பில் அது ஒட்டாது, அதற்குத் தனியாக எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் வகை). கதவுக்கு வுட் பிரைமர், அதுவும் டர்பன்டைன் கலந்து அடிப்பது. சீலிங்குக்கு போர்டுகள் சேரும் ஜாயின்ட் மேல் ஒரு கோட், அப்புறம் முழுசாக ஒரு கோட். அத்தனையும் சரி! ஒன்றுகூடத் தப்பில்லை. அம்மா அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார், "எங்க வீட்டுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தரேம்மா, நீங்க கவலையே படாதீங்க" என்று வாங்கிக் குடித்தான். கொட்டேஷனில் ஐந்து விதமான பிரைமர், ஒவ்வொன்றுக்கும் லிட்டர், விலை, எல்லாம் வரி வரியாக இருந்தது. இவ்வளவு விவரமாக எழுதிக் கொடுக்கிறவனை யார்தான் நம்பமாட்டார்கள். அன்றைக்கே பாதிப் பணம் அனுப்பினேன்.

அந்த ஐந்தில் நான்கு வீட்டுக்குள் வரவே இல்லை. வந்தது ஒரே சரக்கு, தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கிற சாதாரண வெள்ளை பிரைமர், 20 லிட்டர் வாளிகளில். அதையேதான் சுவர், கதவு, கிரில், பைப், சீலிங் எல்லாவற்றுக்கும் அடித்திருக்கிறார்கள். பகலில் அம்மா மட்டும்தான் வீட்டில். ஒருநாள் கிரில் வெள்ளையாக இருக்கிறதே என்று அவரே கேட்டிருக்கிறார், "இது புது டைப் பிரைமர்மா, எல்லாத்துக்கும் பொது" என்று பதில் வந்திருக்கிறது. மறுநாள் அதன் மேல் எனாமல் (பளபளப்பான எண்ணெய் பெயிண்ட்) ஏறிவிட்டது. ஏறிய பிறகு அடியில் இருப்பது எங்கே தெரியும்? பளபளவென்று புது வீடு மாதிரி இருந்தது, மீதிப் பணமும் போனது. மொத்தம் 86,000.

உரிய ஆரம்பித்ததும் எங்கள் தெருவில் ரொம்ப வருஷமாகப் பெயிண்ட் வேலை செய்யும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைப்பிடியில் உரிந்த துண்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வெள்ளை, பைப் பளிச்சென்று அப்படியே இருக்கிறது. துத்தநாகப் பூச்சு உள்ள பரப்பில் எட்ச் பிரைமர் இல்லாமல் எனாமல் நிற்காது, சுவர் பிரைமர் இப்படிக் கழன்று வரும், எனாமலை நேராக அடித்தாலும் அதில் உள்ள எண்ணெய்ச் சத்து துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிப் பிடிப்பை விட்டுவிடும் என்றார். கிரில்லைச் சுரண்டினால் செந்நிறமே இல்லை, வெள்ளைக்கு அடியில் நேராகத் துரு. தண்ணீர் கலந்த சரக்கை வெறும் இரும்பில் அடித்தால் அடிக்கும்போதே துரு தொடங்கும் என்று சூப்பர்வைசரே முதல் நாள் சொன்ன விஷயம்! சீலிங்கில் ஜாயின்ட் வரிசை வரிசையாக மங்கித் தெரிகிறது, அந்த இடம் மட்டும் பெயிண்டைக் குடித்திருக்கிறது, ஜாயின்ட் கோட் போட்டால் அப்படித் தெரியாது. மாடி ரூம்தான் ரொம்பக் கொடுமை. பூசி 28 நாளாவது காய்ந்து, ஈரம் போன பிறகு தொட வேண்டிய சுவர். அங்கே மீட்டரை வைக்கவே இல்லை, "இங்க பரவால்ல மேடம்" என்று போய்விட்டான். அது ஏன் என்று இப்போது புரிகிறது, ஈரம் இருக்கிறது என்று தெரிந்தால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும், அந்த மாத டார்கெட் போகும்.

புகார் கொடுத்த கதையைக் கேளுங்கள். முதலில் செயலியில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். யார் தீர்த்தார்கள்? யாரும் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர், ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஒரு பெண் "ஓதம் வாரண்டியில் வராது" என்றார். கைப்பிடியில் ஏதம்மா ஓதம் என்று கேட்டேன், லைன் கட். இன்னொருவர், நாங்கள் சோப்புப் போட்டுத் துடைத்ததால் உரிந்திருக்கும் என்றார். சூப்பர்வைசர் "நான் இப்ப அந்த ஏரியா பாக்கறதில்ல மேடம்" என்று சொல்லிவிட்டு பிளாக் செய்துவிட்டான். அடித்த பெயிண்டர் மட்டும் நேர்மையாகப் பேசினார்: "அக்கா, அவங்க இறக்கினதைத்தான் அடிச்சேன், ரெட் ஆக்சைடு கேட்டேன், வராதுன்னுட்டாங்க." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கே பாதிக் கூலி பாக்கியாம். கடைசியாக ஒரு மேனேஜர் பேசினார், அடுத்த பெயிண்டிங்கில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். 86,000 ரூபாயை விழுங்கிவிட்டு, திரும்பவும் அவர்களிடமே வர வேண்டுமாம்!

இதைச் சரிசெய்ய முழுவதும் சுரண்ட வேண்டும், கைப்பிடியும் கிரில்லும் வெறும் உலோகம் வரை. அந்தச் செலவைக் கணக்குப் போடவே மனம் வரவில்லை.

எந்தப் பரப்புக்கு எந்த பிரைமர் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதுகிற நிலையில் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரைமர் டப்பாக்கள் சீல் உடையாமல் உங்கள் கண் முன்னால் வரட்டும், ஒவ்வொன்றின் லேபிளையும் கொட்டேஷனோடு ஒத்துப் பார்த்துப் போட்டோ எடுங்கள். காலி டப்பாவை எண்ணாமல் வெளியே விடாதீர்கள், உள்ளே பெயிண்டருக்கான பரிசு டோக்கன் இருக்கிறது என்று கேட்பார்கள், டோக்கனைக் கொடுத்துவிட்டு டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்று லேபிளிலேயே இருக்கும், கலக்கும்போது நின்று பாருங்கள். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தால் வேலையை நிறுத்தி என்ன அடித்தீர்கள் என்று டப்பாவைக் கேளுங்கள், துரு தடுக்கும் பிரைமரில் சாம்பல் நிறமும் உண்டு, ஆனால் டப்பாவில் உலோகத்துக்கு என்று இருக்க வேண்டும். பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் புட்டி) பார்த்துத் தேய்த்த பிறகு உள்ளங்கையால் தடவுங்கள், தூசி ஒட்டினால் துடைக்காமல் பிரைமர் அடிக்க விடாதீர்கள். ஓதம் ஏறும் சுவருக்கு எந்த பிரைமரும் மருந்தில்லை, தண்ணீர் வரும் வழியை முதலில் அடையுங்கள். முக்கியமாக, பிரைமர் முடிந்து நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்த தவணை என்று எழுதி வாங்குங்கள், பெயிண்ட் ஏறிவிட்டால் அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது.

1915-இல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். செயலிக்காரர்கள் இறங்கி வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, உரிந்த துண்டுகள் எல்லாம் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இதே மாதிரி செயலி வழியாக வேலை கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் கொட்டேஷனை எடுத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், எல்லோரிடமும் இதே ஐந்து பிரைமர் பட்டியலைத்தான் காட்டினார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.