கேஷியர்ஸ் செக்கை நம்பிக் காரைக் கொடுத்தேன்

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை, நியூஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, 6,200 டாலருக்குப் பேசிய காரை ஒரு போலித் தாளுக்குத் தாரை வார்த்தேன். அமெரிக்காவில் பழைய காரையோ வீட்டுச் சாமான்களையோ விற்கப்போகிற நம்மவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேரம் பேசப் போங்கள்.

கேஷியர்ஸ் செக் என்றால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை. ஊரில் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா வரிசையில் நின்று டிடி எடுத்து வருவார். அதைப் போன்றதுதான் இது என்று நினைத்திருந்தேன். அடுக்ககத்துக்கு முன்பணம் கட்ட நானே ஒருமுறை வாங்கியும் இருக்கிறேன். கவுண்டரில் இருந்தவர் என் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தார், யார் பெயருக்கு என்று கேட்டார், முழுத் தொகையையும் என் கணக்கிலிருந்து அப்போதே கழித்தார், மேலே 10 டாலர் கட்டணம் எடுத்தார், பிறகுதான் செக்கை அச்சடித்துக் கொடுத்தார். சாதாரணக் காசோலை, எழுதியவர் கணக்கில் பணம் இல்லையென்றால் திரும்பிவிடும். இதிலோ வங்கி முன்கூட்டியே பணத்தை வாங்கிக்கொண்டு, தன் சொந்தப் பணத்திலிருந்து தருவதாகக் கையெழுத்துப் போடுகிறது. அசல் செக்கைப் பொறுத்தவரை இதெல்லாம் உண்மைதான். கையில் இருப்பது அசலா என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.

காரை வாங்க வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவனையும் கூட்டி வந்திருந்தார். 2012 கேம்ரியைச் சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், பின்சீட்டில் சிறுவனை உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று ஓட்டி வந்தார். 6,500 கேட்டேன், 6,200க்கு முடித்தோம். வெள்ளிக்கிழமையே செக்கைத் தொகை எழுதாமல் வாங்கி வைத்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. "பக்கத்தில்தான் என் வங்கி, போய் எடுத்து வருகிறேன்" என்று போனவர், ஒன்றரை மணி நேரம் கழித்து 6,200 டாலருக்கு என் பெயர் சரியாக அச்சிட்ட செக்குடன் வந்தார். அப்போது மணி ஐந்தரை. எங்கள் பக்கத்தில் எந்த வங்கிக் கிளையும் சனிக்கிழமை அந்த நேரத்தில் திறந்திருக்காது. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

கெட்டியான தாள். வெளிச்சத்தில் பிடித்தால் நீரோட்டக் குறி தெரிந்தது. இருந்தாலும் சும்மா வாங்கவில்லை. செக்கின் மேல் மூலையில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் வங்கியின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். செக் எண்ணையும் தொகையையும் வாசித்தேன். சற்று நேரம் தட்டச்சுச் சத்தம். "ஆமாம், எங்கள் வங்கி கொடுத்ததுதான்" என்றார். அதற்குப் பிறகு என்ன சந்தேகம்? கார் டைட்டிலின், அதாவது உரிமைப் பத்திரத்தின், பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, ஓடோமீட்டர் எண்ணை எழுதி, சாவியைக் கொடுத்தேன். நியூஜெர்சியில் நம்பர் பிளேட் விற்பவருடனேயே இருக்க வேண்டும் என்பதால் அவற்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். தன்னிடம் தற்காலிகப் பிளேட் இருப்பதாகச் சொல்லி, மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போலிச் செக் அடிப்பவனுக்குப் போலித் தொலைபேசி எண்ணை அச்சடிக்கவா தெரியாது? செக்கில் இருக்கும் எண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள். வங்கியின் சொந்த இணையதளத்திலோ, வங்கிகளின் வைப்புத்தொகைக்குக் காப்பீடு அளிக்கும் எஃப்டிஐசியின் தளத்தில் உள்ள வங்கித் தேடல் பக்கத்தின் வழியாகவோ எண்ணை நீங்களே கண்டுபிடித்து அழையுங்கள்.

திங்கட்கிழமை என் வங்கிக்கு நேரில் போய்ச் செக்கைக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை முழுத் தொகையும் கணக்கில் இருந்தது. அப்போதும் மனம் கேட்காமல் கிளைக்குப் போய், "செக் பாஸ் ஆகிவிட்டதா?" என்று கேட்டேன். "பணம் இருக்கிறது அம்மா, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது இன்னொன்று. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

விஷயம் இதுதான். கேஷியர்ஸ் செக்கை, யார் பெயருக்கு எழுதப்பட்டதோ அவரே தன் கணக்கில் வங்கி ஊழியரிடம் நேரில் கட்டினால், அடுத்த வேலை நாளே பணத்தைப் பயன்படுத்த விட வேண்டும் என்று ரெகுலேஷன் சிசி என்ற கூட்டாட்சி விதி சொல்கிறது. பெரிய தொகையாக இருந்தால் வரம்புக்கு மேலுள்ள பகுதியைக் கூடுதல் நாள் நிறுத்தி வைக்கலாம். அந்த வரம்பு 2025 ஜூலை 1 முதல் 6,725 டாலர். என் 6,200 அதற்குள் அடங்கிவிட்டது. அதாவது, செக்கை எழுதிய வங்கி அதைப் பார்ப்பதற்கு முன்பே பணம் நம் கணக்கில் தெரியும். பிறகு அந்த வங்கி "இது எங்களுடையது இல்லை" என்று திருப்பினால், நம் வங்கி கொடுத்த பணத்தை நம்மிடமிருந்தே பிடித்துக்கொள்ளும். நம் கணக்கில் கட்டியது நாம் என்பதால் பொறுப்பும் நம்முடையது.

இதெல்லாம் தெரியாமல், பணம் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் புதன்கிழமை வேறு காருக்கு 5,000 டாலர் முன்பணம் கட்டினேன். அதற்கு முன் என் கணக்கில் இருந்தது 1,150 டாலர். அடுத்த வாரம் புதன்கிழமை செக் திரும்பியது. செக்கின் முகத்தில் இருந்தது ஒரு வங்கியின் பெயர். அடியில் இருந்த, எந்த வங்கி என்று காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண் வேறொரு வங்கியுடையது. அந்த எண்ணை வங்கியின் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டிருந்தால் சனிக்கிழமையே பிடிபட்டிருக்கும். 6,200ஐக் கழித்து, திரும்பிய செக்குக்கு 12 டாலர் கட்டணமும் போட்டார்கள். செல்பேசித் திரையில் மைனஸ் 3,862 என்று சிவப்பில் நின்றதைப் பார்த்துச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திலும் பதிவு செய்தேன். யாருடைய பெயரில் செக் அடிக்கப்பட்டிருந்ததோ அந்த வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் சொன்னேன். கார் கிடைக்கவில்லை. என் வங்கி கடனை மாதத் தவணையாக்கித் தந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு வகை மோசடியும் உண்டு. அது தோழி ஒருத்திக்கு நேர இருந்தது. சோபா 800 டாலர், வந்த செக் 2,300. மீதியை லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்களாம். கூடுதலாக எழுதி மீதியைத் திருப்பிக் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நல்ல வேளை, அவள் எனக்கு அழைத்துக் கேட்டாள்.

வங்கியில் கேஷியர்ஸ் செக் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் பல வங்கிகளில் 10 டாலர் அளவில் இருக்கும். சில வகைக் கணக்குகளுக்கு இலவசம். ஆகவே எடுக்கும் முன் உங்கள் கணக்குக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு இல்லாதவர்களுக்குப் பல வங்கிகள் கொடுப்பதே இல்லை. 1,000 டாலருக்குள் என்றால் தபால் நிலைய மணி ஆர்டரே போதும், செலவும் குறைவு. கேஷியர்ஸ் செக்கைத் தொலைத்துவிட்டால் மாற்றுச் செக் உடனே கிடைக்காது; செக் தேதியிலிருந்து 90 நாள் வரை காத்திருக்க வைக்கலாம். பத்திரமாக வைத்திருங்கள், ரசீதைத் தனியாக வையுங்கள்.

டிசம்பரில் என் கணவரின் வேனை விற்றோம். வாங்க வந்தவரிடம், "வேலை நாளில், உங்கள் வங்கிக் கிளையிலேயே சந்திப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நான் பக்கத்தில் நிற்க, கவுண்டரில் இருந்தவர் அவர் கணக்கில் பணத்தைக் கழித்து, செக்கை அச்சடித்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் டைட்டிலை எடுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கட்டணம் 10 டாலரை அவரே கொடுத்தார். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.