ஆர்.டி. 350: பாயிண்ட்டா, எலக்ட்ரானிக்கா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதைத் தாண்டியதுமே என் ஆர்.டி. 350, அதாவது ராஜ்தூத் 350 பைக், இழுக்க மறுத்தது. மூன்றாவது கியரில் பாய்ந்து ஏறும் வண்டியை முதல் கியரில் நாலைந்து வளைவு உருட்டி, ஓரங்கட்டி, பாட்டில் தண்ணீரை இரண்டு சைலன்ஸர் பைப்பின் மேலும் கொஞ்சம் ஊற்றினேன். வலதில் சுர்ரென்று ஆவி பறந்தது. இடதில் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. பைப் சூடாகவில்லை என்றால் இடது சிலிண்டர் அடிக்கவில்லை, அதாவது உள்ளே பெட்ரோல் எரியவில்லை.

ஊர் திரும்பியதும் கிடைத்த யோசனை ஒன்றுதான்: “பாயிண்ட்டைக் கழற்றிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டு தம்பி, நிம்மதியா இருக்கலாம்.” பாயிண்ட் என்பது திறந்து மூடி பிளக்கில் தீப்பொறியை வரவைக்கும் சின்ன ஸ்விட்ச். அந்த வேலையை உரசல் இல்லாமல் செய்வது எலக்ட்ரானிக் கிட். ஒரு மாதம் விசாரித்தேன், கிட் மாட்டிய வண்டிகள் இரண்டை ஓட்டியும் பார்த்தேன். கடைசியில் பாயிண்ட்டிலேயே இருந்துவிட்டேன்.

எலக்ட்ரானிக்கின் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. தேயும் உறுப்பு கிடையாது, ஐடில் (ஆக்சிலேட்டர் திருகாதபோது என்ஜின் ஓடும் வேகம்) சீராக நிற்கும், ஒருமுறை டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைத்தால் அப்படியே இருக்கும். தினமும் ஆபீசுக்கு ஆர்.டி. ஓட்டுபவர் கிட் மாட்டினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பார்த்தது, கெட்டுப்போகும்போது எது எப்படிக் கெடுகிறது என்பதை. 1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே தயாரிக்கத் தொடங்கிய இந்த 347 சிசி வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட், தனித்தனி கண்டென்சர் (பாயிண்ட் முனை பொசுங்காமல் காப்பது), தனித்தனி காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுப்பது). ஒரு பக்கம் படுத்தால் மறுபக்கம் வீடு கொண்டுவந்து சேர்க்கும். அதைவிட முக்கியம், நல்ல பக்கத்தை வைத்தே கெட்ட பக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அன்று மலையில் செய்தது அதைத்தான். முதலில் பிளக்குகளை இடம் மாற்றினேன். கோளாறு இடதிலேயே நின்றது. அடுத்து டேங்க்கைத் தூக்கி, காயிலுக்கு வரும் பாயிண்ட் ஒயர்களையும் பிளக் ஒயர்களையும் சேர்த்தே மாற்றிக் கொடுத்தேன். (ஒன்றை மட்டும் மாற்றினால் தீப்பொறி தப்பான நேரத்தில் விழும், இந்த என்ஜினில் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும்.) காயில் கெட்டிருந்தால் கோளாறு வலதுக்குத் தாவியிருக்கும். தாவவில்லை. இடது கவரைத் திறந்தேன். பாயிண்ட் திருகு தளர்ந்து, இடைவெளி அடைந்தே போயிருந்தது. இருக்கவேண்டியது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் கையில் இல்லை. பர்ஸில் கிடந்த விசிட்டிங் கார்டை நுழைத்து, அது லேசாக உரசும்படி வைத்து முடுக்கினேன். இரண்டாவது உதையில் இரண்டு பக்கமும் உயிர் வந்தது. வீட்டில் பிஸ்டன் நிற்கும் இடத்தை அளக்கும் டயல் கேஜ் போட்டு டைமிங்கை முறையாக வைத்தேன். அதை விடக்கூடாது, டைமிங் முந்திப் போனால் டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ஓட்டை விழும்.

நண்பர் ஒருவரின் வண்டியில் எலக்ட்ரானிக் கிட். தருமபுரி தாண்டி ஒரே நொடியில் இரண்டு சிலிண்டரும் நின்றன. அவரிடம் ஸ்பேனர், பிளக், ஒயர் எல்லாம் இருந்தன. ஆனால் கிட்டின் பெட்டியைத் திறக்க முடியாதே! குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் கிட் அது. வோல்ட் இறங்கினாலே தடுமாறுகிற வகை. பேட்டரி இல்லாமலே சொந்த ஸ்டேட்டரில் (மின்சாரம் உண்டாக்கும் சுருளில்) ஓடும் கிட்டும் உண்டு. அதை நான் ஓட்டியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டார்ட்டிங் பிரமாதம். மழையிலும் நெடுந்தூரத்திலும் அதோடு நான் பழகியதில்லை என்பதால் அதற்கு மேல் சொல்வது சரியல்ல.

எதை மாட்டுவதானாலும், அடிப்பு தவறுவது இக்னிஷனால் (தீப்பொறி அமைப்பால்)தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இடது கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் காற்று உள்ளே போய் ஐடில் தானாக ஏறும். வலது சீல் கசிந்தால் கியர் ஆயில் எரிந்து புகை கக்கும். கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் அடைப்பும் இதே மாதிரிதான் ஏமாற்றும். இவற்றை எந்தக் கிட்டும் சரிசெய்யாது.

பாயிண்ட் வேலை கேட்கும் என்பதை மறைக்கவில்லை. பாயிண்ட்டைத் திறந்து மூடவைக்கும் சுழலும் கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேயவும் தேயாது. நான் 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கவரைத் திறக்கிறேன். ஜீரோ எமரி தாளால் பாயிண்ட்டின் முகத்தைத் தேய்த்து, சுத்தமான அட்டையை நடுவில் இழுத்துத் துடைத்து, கேமை ஒட்டிய ஃபெல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மூடுகிறேன். அரை மணி நேர வேலை. முனையில் குழியும் மேடும் விழுந்து, நீலத் தீப்பொறி தெறித்தால் கண்டென்சரை மாற்றுகிறேன். சீட்டுக்கு அடியில் ஒரு ஜோடி பாயிண்ட்டும் ஒரு கண்டென்சரும் எப்போதும் கிடக்கும். கூடவே அந்த விசிட்டிங் கார்டும்.