சோலார் மோட்டார் போட்டு ஐந்து வருடம்

2020 கடைசியில் எங்கள் தோட்டத்தில் 5 எச்பி சோலார் மோட்டார் போட்டோம். ஒட்டன்சத்திரம் பக்கம், முருங்கையும் தக்காளியும். இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பா பல வருடம் காத்திருந்தார், அதுவரை மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் டீசல் இன்ஜின்தான். வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்து, மானியம் போக எங்கள் பங்கைக் கட்டினோம். பேனல் வந்ததும் டீசல் கேன் மூலைக்குப் போய்விட்டது.

காலை எட்டரைக்குத் தண்ணீர் மெதுவாக வர ஆரம்பிக்கும், பத்திலிருந்து மூன்று வரை நல்ல வேகம், நாலரைக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மேகம் கடந்தாலே வேகம் இறங்கும் என்பதால் நேராகப் பாய்ச்சாமல் மேட்டில் தொட்டி கட்டி நிரப்பிக்கொள்கிறோம். ஆடிக் காற்றில் பேனல் மேல் புழுதி அப்பிவிடும், அப்போது வாரம் ஒருமுறை விடிகாலையில் கழுவ வேண்டும் (வெயிலில் சுட்டிருக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்).

2023 சித்திரையில் கோடை மழை இடியில், பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோலர் போய்விட்டது. ஐந்து வருடப் பராமரிப்பு உண்டுதான், ஆனால் கம்பெனி ஆள் வந்து சேர 19 நாள் ஆனது. பூ எடுத்திருந்த தக்காளி அத்தனையும் கருகியது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

பீகாரில் தர்னாய் என்ற ஊருக்கு 2014-ல் 100 கிலோவாட் சோலார் அமைத்தார்கள், ஊரே வெளிச்சமானது. சில வருடத்தில் பேட்டரிகள் தேய்ந்தன, அரசு மின்சாரம் மலிவாக வந்தது, சோலார் நின்றுபோனது. எங்கள் 19 நாளுக்கு அப்புறம்தான் அது எனக்குப் புரிந்தது. பழுது பார்க்க ஊரில் ஆள் இல்லாவிட்டால் தற்சார்பு என்ற பேச்சே கிடையாது. ஐடிஐ படித்த அக்கா மகனைக் கம்பெனி டெக்னீசியன் கூடவே நிற்க வைத்தேன், இப்போது சுற்றுவட்டாரத்தில் நான்கு மோட்டார்களை அவன்தான் பார்க்கிறான்.

இன்னொரு வருத்தம், மழைக்காலத்தில் மோட்டார் சும்மா கிடக்கிறது, பேனலில் வரும் கரண்ட் வீண். சரி, தண்ணீர்தான் இலவசமாக வருகிறதே என்று நாள் முழுக்க ஓட்டினால் போர் வற்றும். குஜராத்தில் துண்டி கிராமத்து விவசாயிகள் 2016-லேயே கூட்டுறவுச் சங்கம் வைத்து, பாசனம் போக மீதிக் கரண்டை மின் வாரியத்துக்கு விற்றார்கள். தண்ணீரை மிச்சம் பிடித்தால் கையில் காசு. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு சங்கம் வேண்டும் என்று கிராம சபையில் இரண்டு முறை பேசிவிட்டேன், மறுபடியும் பேசுவேன். அதுவரைக்கும் யுனிவர்சல் கன்ட்ரோலர் மாற்றி, அதே பேனலில் மாட்டுக்குத் தீவனம் வெட்டும் மிஷினை ஓட்டலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.