கைக்குழந்தையோடு முதல் சுற்றுலா: மடக்குத் தொட்டில் எப்படி உழைத்தது

ஏழு மாதக் குழந்தையை முதன்முறையாக வெளியூர் கூட்டிப்போகக் கிளம்பியபோது நாங்கள் புதிதாக வாங்கிய ஒரே பெரிய பொருள் மடக்குத் தொட்டில். கடைகளில் டிராவல் காட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். நாங்கள் வாங்கியது எடை குறைந்த ரகம். உலோகக் கால்கள், நான்கு பக்கமும் வலைத்துணி, தரையோடு படியும் மெத்தை, தூக்கிப்போக ஒரு பை, எல்லாம் சேர்த்து சுமார் ஆறு கிலோ. பல கம்பெனிகள் இதே அமைப்பில் செய்கின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றியே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம். இரவில் குழந்தை தூங்கினால்தான் பகலில் பெரியவர்களுக்கு ஊர் சுற்றத் தெம்பு இருக்கும். அந்தத் தூக்கத்தை எங்களுக்குக் கொடுத்தது இந்தத் தொட்டில்தான்.

இந்த ரகத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் புகார் மெத்தையைப் பற்றியது. மெல்லியது, கெட்டியாக இருக்கிறது என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதை. பெட்டியைப் பிரித்ததும் என் மாமியார் மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். "என்னம்மா இது, பலகை மாதிரி இருக்கு? பிஞ்சு உடம்பு நோகாதா? மேல ஒரு நல்ல மெத்தையா வாங்கிப் போட்டுடலாமே" என்றார்.

என்னைக் கேட்டால், நாம் காசு கொடுப்பதே அந்தக் கெட்டித்தன்மைக்குத்தான். நமக்கு மெத்தென்று இருப்பது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. முகம் அமுங்கினால் தலையைத் திருப்பி மூச்சுவிடும் பலம் எல்லாக் குழந்தைக்கும் எல்லா நேரமும் இருக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: படுக்கை கெட்டியாக, சமதளமாக, சாய்வில்லாமல் இருக்க வேண்டும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. வலைத்துணிப் பக்கங்கள் கொண்ட தொட்டிலில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பக்கத்துணி வளைந்து கொடுக்கும். மேலே ஒரு மெத்தையைப் போட்டால் அதற்கும் வலைக்கும் நடுவே பள்ளம் விழும், குழந்தை உருண்டுபோய் அதில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்கத் தர விதி இவ்வகைத் தொட்டிலின் மெத்தைக் கனத்தை ஒன்றரை அங்குலத்துக்குள் கட்டுப்படுத்தியிருப்பதற்கு இதுதான் காரணம். கம்பெனி கஞ்சத்தனம் செய்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இதை அத்தையிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்கு வரவில்லை. நாலாக மடித்த கம்பளியைத் தொட்டிலுக்குள் விரித்து, "ஓரத்துல கையை வெச்சு அழுத்திப் பாருங்க அத்தை" என்றேன். அழுத்தினார். வலை வெளியே பிதுங்கி, அவர் முஷ்டி அப்படியே இடுக்கில் இறங்கியது. கம்பளியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் பயணம் முழுக்க, தொட்டிலுக்குள் யாராவது ஒரு கர்ச்சீப்பைப் போட்டால்கூட எடுத்து வெளியே வைத்தது அவர்தான்.

பொருத்துவது எளிது. எங்கள் ரகத்தில் கால்களை விரித்துவிட்டு, மெத்தையின் அடியில் உள்ள பட்டைகளை அடித்துணியின் துளைகள் வழியாக இழுத்து ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். பட்டைகளை விட்டுவிடக் கூடாது. அவைதான் மெத்தை நகராமல் பிடித்துக்கொள்கின்றன. இன்னொரு ரகம் உண்டு, மேல் விளிம்பு பாதியில் மடங்குவது. பத்து கிலோ, அதற்கு மேலும் கனக்கும். என் நாத்தனார் வீட்டில் அதுதான். அதில் வரிசை முக்கியம்: முதலில் நான்கு மேல் விளிம்புகளையும் 'டக்' என்று பூட்டு விழும்வரை தூக்க வேண்டும், அப்புறம்தான் நடு அடிப்பகுதியைக் கீழே அழுத்த வேண்டும். அடிப்பகுதியை முதலில் அழுத்திவிட்டால் விளிம்பு பூட்டாமல் மல்லுக்கட்டும். மடக்கும்போது இதற்கு நேர்மாறு. காரிலேயே போய் ஒரே இடத்தில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கனமான ரகம் போதும். மெத்தை தரையைத் தொடாமல் இருப்பது அதன் நல்ல அம்சம். விமானம், ரயில், படிக்கட்டு என்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தால் ஆறு கிலோதான் வசதி.

பூட்டு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1990களில் அமெரிக்காவில் சில மடக்குத் தொட்டில்களின் விளிம்புப் பூட்டு சரியாகப் பிடிக்காமல், விளிம்பு நடுவில் மடிந்து ஆங்கில 'வி' எழுத்து வடிவில் இறங்கி, குழந்தைகளின் கழுத்து அதில் சிக்கி இறந்திருக்கிறார்கள். அப்படி ஒரு மாடலை 1993இலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விற்றுப்போனவை வீடுகளிலும் காப்பகங்களிலும் புழக்கத்தில் இருந்தன. 1998இல், குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வீட்டில் அதே மாடலில் தூங்கிய ஒரு குழந்தை இறந்தது. 2008இல் அந்த நாடு கொண்டுவந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவுக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தொட்டில் போன்ற பொருள்களோடு பதிவு அட்டை ஒன்று வைக்க வேண்டும், பின்னாளில் கோளாறு தெரிந்தால் வாங்கியவருக்கே நேரடியாகத் தகவல் போக வேண்டும் என்பது அந்தப் பிரிவின் சாரம். பெட்டிக்குள் அப்படி அட்டை இருந்தால் தயவுசெய்து நிரப்பி அனுப்புங்கள். உறவினர் பரணிலிருந்து இறக்கிக் கொடுக்கும் பழைய தொட்டிலாக இருந்தால், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் பார்த்து, அது திரும்பப் பெறப்பட்டதா என்று இணையத்தில் தேடிவிட்டு அப்புறம் குழந்தையைப் போடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தங்கும் இடத்திலேயே தொட்டில் தருவார்களே, எதற்குச் சுமக்க வேண்டும் என்று என் கணவரும் கேட்டார். நியாயமான கேள்விதான், நாங்களும் முன்பதிவின்போதே சொல்லிவைத்திருந்தோம். அறைக்கு வந்தது ஒரு மரத் தொட்டில். உள்ளே பெரியவர் கட்டிலில் போடும் பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே தலையணையும் வைத்து, சுற்றிலும் மெத்தென்ற துணித் தடுப்பைக் கட்டியிருந்தார்கள். அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் வைத்த ஒவ்வொன்றும் இருக்கக் கூடாதது. கம்பிகளுக்கு நடுவே என் நாலு விரல் தாராளமாகப் போனது. கம்பி இடைவெளி ஆறு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு; தாண்டினால் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். அந்தத் தொட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்களுடையதை விரித்தோம். இதற்காக எல்லா விடுதியையும் குறை சொல்ல மாட்டேன். நல்ல தொட்டில் தரும் இடங்களும் உண்டு. ஆனால் அறைக்குள் போய்ப் பார்க்கும்வரை எது வரும் என்று தெரியாது, அதுவும் இரவு நேரத்தில் போய் இறங்கினால் வேறு வழி இருக்காது.

எங்கே விரிப்பது என்பதும் முக்கியம். சின்ன அறை என்றால் ஜன்னலோரம்தான் காலியாக இருக்கும். அங்கே திரைச்சீலைக் கயிறு தொங்கும். கயிறு, விளக்கு ஒயர், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம், மூன்றையும் தவிர்த்தோம். நாற்காலியை வெளி வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு எங்கள் கட்டிலின் பக்கத்திலேயே இடம் செய்தோம். வலைத்துணியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. தலையைத் தூக்காமலே, படுத்தபடி குழந்தையின் முகம் தெரிகிறது. அவளும் கண் விழித்தால் என்னைப் பார்க்கிறாள், சிணுங்கிவிட்டு மறுபடி தூங்குகிறாள்.

புது இடத்தில் தூக்கம் பிடிக்காது என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரமே வீட்டில் தொட்டிலை விரித்து, பகல் தூக்கத்தை அதில் பழக்கினோம். புதுத் துணி வாசனை போக, அதற்கு முன் காற்றோட்டமாக வெளியே வைத்திருந்தோம். பயணத்துக்கு எடுத்துவைத்தது அவள் ஏற்கெனவே படுத்த விரிப்பைத்தான், துவைக்காமல். முதல் இரவு அடிக்கடி எழுந்தாள். அடுத்த இரவு வீட்டில் தூங்குவது போலவே தூங்கிவிட்டாள். நானும் என் கணவரும் பால்கனியில் உட்கார்ந்து, குழந்தை பிறந்த பிறகு முதன்முறையாக ஒரு பேச்சைத் தொடங்கி முடித்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இதை இன்னொருமுறை வாங்குவேன்.

குறைகளும் இருக்கின்றன. மெத்தை தரையோடு படிவதால் கல் தரையின் குளிர் மேலே ஏறுகிறது. மேலே எதையும் விரிக்கக் கூடாது என்பதால், குழந்தைக்கு ஒரு அடுக்கு உடை கூடுதலாகப் போட்டு, கைகள் வெளியே இருக்கும் ஸ்லீப்பிங் பேகில் படுக்க வைத்தோம். தலையை மூடும் தொப்பி வேண்டாம், உடம்பு சூடாகிவிடும். குனிந்து கீழே விடுவது முதுகுக்குப் பெரிய தண்டனை. சிசேரியன் ஆகிச் சில வாரங்களே ஆனவர்களுக்கு இந்தத் தாழ்ந்த ரகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கவாட்டு ஜிப்பைத் திறக்கும் சத்தமும் பெரிது. தூங்க வைத்தபின் அதைத் தொடவே கூடாது. ஒருநாள் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள். துணி முழுவதும் கழன்று வருகிறது, அலசிக் காயப்போட்டால் மாலைக்குள் காய்ந்துவிட்டது. இந்த இடத்தில் முழு மதிப்பெண்.

விமானத்தில் பையைத் தனி லக்கேஜாகப் போட்டோம். கைக்குழந்தையின் தொட்டிலையும் ஸ்ட்ரோலரையும் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்ளும் நிறுவனங்கள் பல உண்டு, ஆனால் விதி ஒவ்வொன்றிலும் வேறு. டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பை மெல்லிய துணி, அதனால் உலோகக் கால்களைச் சுற்றி டயப்பர்களை அடுக்கிவிட்டோம். கால்களுக்கு அணைவாகவும் ஆயிற்று, பெட்டியில் இடமும் மிச்சம்.

காரில் தூங்கிப்போன குழந்தையை எழுப்ப மனசு வராமல், இறங்கியபிறகும் கார் சீட்டோடு அறையில் வைத்துவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. தொட்டில் கையில் இருந்தால் அதற்குத் தேவை இல்லை. சாய்ந்த நிலையில் தலை முன்னால் விழுந்தால் மூச்சுக்குழல் மடங்கும். கார் சீட் காருக்கு மட்டும். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்கும் முன்பே தொட்டிலை விரித்துவிடுவோம். அத்தை பட்டைகளை ஒட்டி முடிக்கும்வரை குழந்தை என் தோளில்.

கடற்கரைக்கும் ஒருமுறை எடுத்துப்போனோம். நிழலில் விரித்தால் நல்ல விளையாட்டு இடம், மணல் வாய்க்குப் போகாது. வெயிலை மறைக்க மேலே துண்டைப் போட்டு மூடுவதைப் பக்கத்தில் பார்த்தேன். உள்ளே காற்று நின்று வெப்பம் சட்டென்று ஏறிவிடும், மூடாதீர்கள்.

ஒரு வயதுக்குள் குழந்தை, அடிக்கடி பயணம், கைவசம் ஆள் குறைவு என்றால் இந்த எடை குறைந்த ரகத்தை வாங்குங்கள். ஒரே ஒரு பயணம்தான் என்றால் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கலாம், மாடல் எண்ணைச் சரிபார்த்துவிட்டு. தானே ஏறி வெளியே வர ஆரம்பிக்கும் வயதில் இதன் வேலை முடிந்தது. பல மாடல்களில் சுமார் 89 சென்டிமீட்டர் உயரத்தை எல்லையாகப் போட்டிருப்பார்கள், வாங்கும் முன் பெட்டியில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.